இந்தியத் தேசியத் தானுந்துப் பந்தயத் தொடர்

இந்தியத் தேசியத் தானுந்துப் பந்தயத் தொடர் என்பது, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பின் ஒப்புதலுடன் நடத்தப்படும் தானுந்து (கார்) பந்தயங்களின் தொடர் ஆகும். இதன் சுற்றுகள் பல, காஞ்சிபுரம் மாவட்டம், திருப்பெரும்புதூர் வட்டத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடைபெற்றுள்ளன. பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற மாவட்டத்தில், அதுவும் இராமானுசர் பிறந்த ஊரின் அருகே, பந்தயத் தடம் ஒன்று இருப்பது பலரும் அறியாத செய்தி.

வரலாறு

1953ஆம் ஆண்டு சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தனித் தடம் ஏதும் இல்லாமையால், இரண்டாம் உலகப்போரின்போது அமைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்திலேயே பந்தயங்கள் நடத்தப்பட்டன. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வாங்க வசதி படைத்தவர் சிலரே. ஏனையோர் பியட், அம்பாசிடர் போன்ற கார்களைப் பட்டறையில் மாற்றியமைத்து ஓட்டினர்.

இந்நிலையை மாற்றியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் 796 கன செ.மீ. எஞ்சினைப் பொருத்தி, 1988இல் 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இவர் உருவாக்கினார். இந்தியப் பந்தய வரலாற்றில் இதனினும் பயனுள்ள பணி வேறில்லை எனலாம். இவர் 1995இல் சிறு வானூர்தி விபத்தில் இறந்தார்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் பயன்பாட்டிற்கு வந்தது. இதன் நீளம் 3.717 கி.மீ.; வளைவுகள் 12. நரேன் கார்த்திகேயன் பார்முலா மாருதி காரில் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியது இங்குதான். 2005இல் இவர் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2022இல் இத்தடம் சென்னைப் பன்னாட்டுத் தடம் எனப் பெயர்மாற்றம் பெற்றது.

போட்டி முறையும் ஈர்ப்பும்

தகுதிச் சுற்றில் குறைந்த நேரத்தில் தடத்தைச் சுற்றி வருபவர் முதல் வரிசையில் நிற்பார். ஒவ்வொரு பந்தயத்திலும் பெறும் இடத்திற்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படும். பல வார இறுதிகளில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டுத்தொகையே பட்டத்தைத் தீர்மானிக்கும். எனவே ஒருமுறை வெல்பவரைவிடத் தவறாது முன்னிடம் பெறுபவர்க்கே வாய்ப்பு மிகுதி.

ஒரே வகைக் கார்கள் ஓடும் பிரிவுகளில் எஞ்சின் திறன் ஏறத்தாழச் சமமாதலால், வளைவுக்கு முன் யார் கடைசியாகத் தடையை அழுத்துகிறார் என்பதே முந்துவதை முடிவுசெய்யும். இதைக் காண வளைவோரம் நிற்பதே சிறந்தது. நேர்ப்பாதையில் கார் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். சாலையில் அன்றாடம் காணும் கார்களே, இருக்கைகள் நீக்கப்பட்டு, கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதபடி உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம் பொருத்தப்பட்டுப் போட்டியிடும் பிரிவும் உண்டு. மக்களுக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம்.

பாதுகாப்பு

2023 சனவரியில் இத்தொடரின் பந்தயம் ஒன்றில் 59 வயது ஓட்டுநர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகத்து மாதம், தேசிய விசையுந்துப் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இதே தடத்தில் இறந்தான். சிறுவர்களை எவ்வயதில் களமிறக்குவது என்னும் கேள்வி அதன்பின் வலுவாக எழுப்பப்பட்டது.