கயிறு எதில் கட்டப்பட்டிருக்கிறது?

கேகாலை மாவட்டத்தின் கித்துல்கலவுக்கு எங்கள் பக்கத்து இளைஞர்கள் போய்வருவது போர் முடிந்த பின்னர் வந்த பழக்கம். களனி ஆற்றில் படகுச் சவாரி, பிறகு நீர்வீழ்ச்சியில் கயிற்றில் இறங்குவது. கடந்த வருடம் தம்பியோடும் அவனது நண்பர்களோடும் நானும் போயிருந்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சிலர் ஏற்கனவே ஒரு மகனைப் பறிகொடுத்தவர்கள்.

எல்லோரும் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்தார்கள். கயிறு எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. என் முறை வந்தபோது எட்டிப் பார்த்தேன். ஒரு மரம், அதைச் சுற்றி வெயிலில் வெளிறிய ஒற்றை நைலோன் நாடா. கயிறு வளையம் எதுவுமின்றி நேரே நாடாவுக்குள்ளால் போயிருந்தது.

இந்தக் கட்டுமானத்தை 'ஆங்கர்' என்பார்கள். நல்ல கயிறு இலேசில் அறாது. ஆனால் ஆங்கர் விட்டால் கயிறும் ஆளும் சேர்ந்தே போகும். கடைசி ஆள் இறங்கியதும் கயிற்றைக் கீழிருந்து உருவி எடுப்பார்கள். அப்போது நைலோனில் நைலோன் உரசிச் சூடாகி நாடா உருகும். அடுத்த குழு அந்தத் தழும்பில்தான் தொங்கும். இரும்பு வளையம் ஒன்று இருந்தால் இந்த உரசலே இல்லை. வெயிலும் நைலோனைத் தின்னும்.

பாறையில் இரண்டு இடத்தில் கட்டினாலும் கோணம் முக்கியம். இரண்டு நாடாக்களுக்கும் இடையில் 60 பாகை என்றால், 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 46 கிலோவைத் தாங்கும். 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொன்றிலும் முழு 80 கிலோ. இரண்டு கட்டியும் பாரம் குறையவில்லை.

கயிற்றின் நுனி இன்னொரு ஆபத்து. காய்ந்த பாறையில் நுனியில் முடிச்சுப் போடுவார்கள், கயிறு முடிந்து ஆள் நழுவாமலிருக்க. கொட்டும் நீரில் அதே முடிச்சு ஆளைத் தண்ணீருக்குள் மாட்டிவைத்து மூழ்கடிக்கலாம். அதனால் அங்கே நீளத்தை அளந்து விடுவதுதான் முறை.

சந்தேகமான ஆங்கரைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. பக்கத்தில் தளர்வாக இன்னொரு கட்டைப் போட்டு, பாரமானவரை முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு, மெலிந்தவர் கடைசியாக இறங்குவார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வழிகாட்டியிடம் கேட்டேன். "நேற்றும் இதில்தான் இறங்கினார்கள்" என்றார். நேற்று இறங்கியவர்களும் சேர்ந்துதானே அதைத் தேய்த்திருப்பார்கள்! தம்பிக்குக் கோபம், நண்பர்கள் முன்னால் மானம் போகிறதென்று. வழிகாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து புதிய நாடாவும் வளையமும் எடுத்துக் கட்டினார். பழையதை வெட்டி என் கையில் தந்தார். உட்புறத்தில் விரல் நுழையுமளவுக்கு ஒரு பள்ளம், கண்ணாடிபோல வழவழப்பாக.