கேசட்டில் இருக்கும் கல்யாணம்

உங்கள் வீட்டில் பழைய கல்யாண கேசட் இருக்கிறதா? பீரோவுக்கு மேலே, துணிப்பைக்குள் தேடிப் பாருங்கள். மூணாறு, தேவிகுளம், பீருமேடு எஸ்டேட் லயங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வீடுகளிலும் இப்படிப் பல கேசட்டுகள் கிடக்கின்றன. காதுகுத்து, சடங்கு, கோவில் திருவிழா எல்லாம் அவற்றில் உண்டு. இன்று உயிரோடு இல்லாத பாட்டியின் குரலும் இருக்கலாம். ஆனால் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை.

கேசட்டை ஓட்டும் கருவிக்கு வி.சி.ஆர். என்று பெயர். அதைக் கடைசி வரை தயாரித்து வந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். அதுவும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன.

கேசட்டுக்கும் வயதாகிறது. நாடாவின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. படமும் ஒலியும் அந்தப் பூச்சில்தான் பதிந்துள்ளன. பாலக்காட்டு வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அது கெடும். மூணாற்று மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிகிறதா? அதைக் கருவியில் போடாதீர்கள். நாடா சிக்கி அறுந்துவிடலாம். பூஞ்சணம் கருவியில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

நல்ல கேசட்டை எப்படி மாற்றுகிறார்கள்? வி.சி.ஆரில் கேசட்டை ஓடவிடுவார்கள். வரும் படத்தை ஒரு சிறிய கருவி எண்களாக மாற்றும். கம்ப்யூட்டர் அந்த எண்களைச் சேர்த்து வைக்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. கடைக்காரர் மணிக்கு இவ்வளவு என்று கூலி கேட்பது நியாயம்தான்.

பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் கேசட் வந்தது. அதன் பெயர் மினி டிவி. நாம் வீட்டில் பார்க்கும் டிவி வேறு, இது வேறு. இதில் படம் முன்பே எண்களாகத்தான் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த வகைக் கேமராவும் அதற்குரிய கம்பியும் இருந்தால்தான் எடுக்க முடியும்.

சி.டி., டி.வி.டி. என்றால் வேலை எளிது. ஓட்ட வேண்டாம், பிரதி எடுத்தால் போதும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டி.வி.டி.க்குள் கல்யாணம் ஒரே கோப்பாக இருக்காது. ஒரு ஜி.பி. அளவுக்கு உட்பட்ட பல துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் தாலி கட்டுவதற்கு முன்பே படம் முடிந்துவிடும்! முழு உறையையும் எடுக்க வேண்டும்.

அந்தத் துண்டுகள் எல்லா செல்போனிலும் ஓடாது. எனவே எம்.பி.4 என்ற வகைக்கு மாற்றுகிறோம். பெரும்பாலும் எல்லா போனிலும் டிவியிலும் அது ஓடும். கோப்பின் பெயரில் எம்.பி.4 என்று எழுதிவிட்டால் மாறிவிடுமா? மாறாது. மூட்டையில் உள்ள தேயிலைத்தூளைப் பொட்டலத்தில் போட்டால் தூள் கெடாது. சில கோப்புகளை அப்படி உறை மட்டும் மாற்றலாம். பலவற்றில் தூளையே மறுபடி சலிக்க வேண்டும். சலிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிந்தும். ஆகவே ஒரு முறை மாற்றினால் போதும். முதலில் எடுத்த கோப்பை அழிக்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 576 என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு டி.வி.டி.யில் படத்துக்கு 576 கோடுகள்தான். 1080 என்று வைத்தால் கோப்பு பெருக்கும், முகம் தெளியாது. ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், கோடுகளை நீக்கும் வசதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுத்தால், பணம் தருமுன் ஓட்டிப் பாருங்கள். தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். ஒலி வருகிறதா? உதடும் குரலும் ஒத்துப்போகிறதா? கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. எஸ்டேட் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். வீடு போகும்போது அதில் உள்ள படமும் போகும். எனவே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றது தேனியிலோ கோயம்புத்தூரிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று ஓடாவிட்டால் மற்றதிலிருந்து புதிய பிரதி எடுத்துக்கொள்ளலாம்.