பெய்த மழை யாருக்குச் சொந்தம்?

மராட்டிய மாநிலத்தில் அகமதுநகர் மாவட்டம். இப்போது அதன் பெயர் அகில்யாநகர். அங்கே ஹிவ்ரே பஜார் என்று ஒரு சிற்றூர்.

மழை மேகங்களை மேற்கு மலைத்தொடர் மறித்து விடுகிறது. ஆண்டுக்கு 400 மில்லி மீட்டர் மழை பெய்தாலே பெரிது.

1972-ம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு ஊர் நொடித்துப் போனது. குன்றுகள் மொட்டையாயின. கிணறுகள் வறண்டன. பிழைப்புத் தேடிப் பலர் மும்பைக்கும் புனேவுக்கும் போனார்கள்.

பட்டதாரித் தலைவர்

1989-ல் போபட்ராவ் பவார் என்ற பட்டதாரி வாலிபர் ஊராட்சித் தலைவர் ஆனார். ஊர் கூடியது. மரம் வெட்டக் கூடாது, குன்றில் ஆடு மாடு மேய்க்கக் கூடாது, எல்லோரும் உடல் உழைப்புத் தர வேண்டும் என்று முடிவு செய்தது.

குன்றின் சரிவில் குறுக்கே பள்ளங்கள் வெட்டினார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். ஓடிய தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகளில் ஊற்றெடுத்தது!

யாருக்கு லாபம்?

இங்கேதான் சிக்கல். நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. ஊரே சேர்ந்து தேக்கிய தண்ணீரை, ஆழமாகக் குழாய்க் கிணறு போட்ட ஒருவரே உறிஞ்சி விடலாம். 20 ஏக்கர்காரர் கரும்பு போடுவார். பக்கத்து 2 ஏக்கர்காரரின் கிணறு வற்றிப் போகும்.

ஹிவ்ரே பஜார் முன்கூட்டியே விழித்துக் கொண்டது. பாசனத்துக்குக் குழாய்க் கிணறு கூடாது என்றது. தண்ணீரை அதிகம் குடிக்கும் கரும்பும் வாழையும் வேண்டாம் என்றது.

ஆண்டுதோறும் மழையை அளக்கிறார்கள். கிராம சபையில் கணக்குப் பார்க்கிறார்கள். முதலில் மனிதருக்கும் கால்நடைக்கும் குடிநீர். மிச்சத்தைப் பார்த்துத்தான் பயிர்.

அதனால் பெரிய விவசாயிக்கும் பயிர் உண்டு. சின்ன விவசாயியின் திறந்த கிணற்றிலும் தண்ணீர் உண்டு.

நிலம் இல்லாதவர்?

மேய்ச்சல் தடையால் முதலில் கஷ்டப்பட்டவர்கள் ஆடு வளர்த்தவர்களே. ஆனால் குன்றில் புல் அடர்ந்து வளர்ந்தது. அதை அறுத்து எடுத்துப் போகத் தடை இல்லை. ஆடு குறைந்தது, கறவை மாடு பெருகியது. பால் வருமானம் வந்தது. வயல் வேலையும் ஊரிலேயே கிடைத்தது. வெளியூர் போனவர்கள் பலர் திரும்பினார்கள்.

1995-ல் இந்த ஊரில் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. பிற்பாடு கணக்கெடுத்தபோது 3 குடும்பங்களே இருந்தன. 2020-ல் பவாருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தடுப்பணை கட்டினால் மட்டும் போதாது. தேங்கிய தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதையும் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் 2 ஏக்கர்காரர் வீட்டிலும் அடுப்பு எரியும்.