மோட்டார் வண்டியின் மேற்றோல்

புதிய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டு முற்றத்திற்கு வந்து சேர்ந்ததும் நம்மவர் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று, அதன் பெற்றோல் தாங்கியின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய உறையொன்றை ஒட்டுவித்தலாகும். இடுப்புப் பட்டி உரசி வர்ணம் தேய்ந்துவிடலாகாது என்பதே நோக்கம். காருக்கும் வானுக்கும் கதவு விளிம்பிலும் கைபிடிக் குழியிலும் இவ்வாறே ஒட்டுவர். ஒட்டும் வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால், ஏழெட்டு ஆண்டுகள் சென்றபின் மஞ்சள் பூத்து, வெடித்து, ஓரம் சுருண்டு நிற்கும் அவ்வுறையை எடுப்பதற்கோ ஒரு பகற்பொழுது போதாது. எடுக்கத் தெரியாதவர் எடுத்தால் உறையோடு வர்ணமும் சேர்ந்து கையில் வந்துவிடும்.

இந்த உறையின் பிறப்பு போர்க்களத்தோடு தொடர்புடையது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலும் அலகுகளை மணலும் கற்றுகள்களும் அரித்துத் தின்றன. அவற்றைக் காப்பதற்காக, திரீ எம் கம்பனியார் பொலியூரிதேன் என்னும் இழுபடும் பொருளாலான ஒட்டுறையை ஆக்கினர். யுத்தம் முடிந்த பின்னர் அது ஓட்டப்பந்தயக் கார்களின் மூக்கிற்கு இடம் மாறியது. அத்தகைய கார் நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்து ஓடுவது. அதன் அகன்ற சக்கரங்கள் கற்களை வாரியிறைப்பன. ஆகவே உறையின் தேவை அங்கேதான் மிகுதி. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலோ பனிக்காலத்தில் வீதிகளில் உப்பும் மணலும் தூவுவர். அங்கு சாதாரணக் கார்களுக்கும் இவ்வுறை பூட்டும் வழக்கம் உண்டு.

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஓட்டப்பந்தயக் காரைக் காண்பது அரிது. ஆயினும் வாரியிறைக்கும் கற்களுக்கு இங்கு பஞ்சமில்லை. கண்டி வீதியும், பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவு செல்லும் பெருவீதிகளும் யுத்தத்தின் பின் 'காபெற்' இடப்பட்டுப் பளபளக்கின்றன. அவற்றை விட்டு விலகி ஒரு குளக்கட்டுப் பாதையிலோ வயற்பாதையிலோ இறங்கினால், கிரவல் கற்கள் கதவின் கீழ்ப்பாகத்தில் மழைபோலப் பொழியும். ஆகவே இங்குள்ளோர் உறை ஒட்டுவதை வீண் ஆடம்பரம் என்று கூறிவிட முடியாது.

வர்ணத்தையும் உறையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். தொழிற்சாலையிற் பூசப்பட்ட வர்ணப் படைகள் அனைத்தும் சேர்ந்தாலும் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். உறையோ அதைவிடத் தடிப்பானது. மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை வரும். அதன் அடியில் அக்றிலிக் பசை பூசப்பட்டிருக்கும். நாள் ஆக ஆகப் பசையின் பிடி இறுகும். சூரியனின் புறஊதாக் கிரணங்கள் உறையின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்க, அது இழுபடும் தன்மையை இழந்து முறுகிப்போகும். உரிக்கும்போது நீளமாக வராமல் நகத்தளவு துண்டுகளாய் உடைவதற்குக் காரணம் இதுதான். உறையின் ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் என்று விற்பவர் கூறுவர். ஆண்டு முழுதும் வெயில் காயும் உலர் வலயத்தில் அக்கணக்கில் சிறிய எண்ணையே நம்புவது உத்தமம்.

ஓர் உறைக்காக இவ்வளவு கவலை வேண்டுமா என்று கேட்பவர்கள், சென்ற சில ஆண்டுகளை நினைத்துப் பார்க்கவேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஓடிய பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அவற்றைப் பேணுவது குடும்பத்தின் சீவியத்தைப் பேணுவதாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கும் வான் ஒன்றின் முன்மூடியில் வர்ணம் பெயர்ந்தால், அது அழகுக் குறை மட்டுமன்று. வர்ணம் போன இடத்தில் தகரம் வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே துரு பிடிக்கும். விற்க நினைத்தால் விலை சரியும்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள பழைய வண்டிகளிற் பல, யுத்தகாலத்தின் பாதைகளில் அடிபட்டு, பின்னர் தகரவேலையும் மறுவர்ணமும் கண்டவை. தொழிற்சாலையில் வர்ணம் பூசிய உடலைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 140 பாகை உஷ்ணத்தில் வாட்டுவர். அவ்வர்ணம் உலோகத்தை விட்டு இலேசில் அகலாது. கராச்சில் பட்டி பூசி, தேய்த்து, விசிறியடித்த மறுவர்ணத்திற்கு அந்தப் பிடி இருப்பதில்லை. உறையின் பசை அதனினும் வலியதாக இருந்தால், இழுக்கும்போது வெல்வது பசையே. எனவே உறையில் கை வைக்குமுன், வண்டி மறுவர்ணம் பூசப்பட்டதா என்று ஆராயவேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் ஓரத்தில் வர்ணத் தீற்றல் இருக்கிறதா? கதவின் ஆணித்தலைகளில் வர்ணம் படிந்துள்ளதா? முன்மூடியும் பக்கத் தகடும் வெயிலில் ஒரே நிறமாகத் தெரிகின்றனவா? இவற்றில் ஒன்று ஐயத்துக்கிடமாயினும், மறைவான ஒரு மூலையில் சிறிதளவு உரித்துப் பார்த்த பின்னரே மேற்கொண்டு செல்லுதல் வேண்டும். அங்கே வர்ணம் பெயருமாயின் நிறுத்திவிட்டு வர்ணவேலை செய்பவரிடம் காட்டுவதே முறை. விற்பதற்காக அழகுபடுத்துவோர் இவ்விடத்தில் அவசரப்படுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

உரிப்பதற்கு வேண்டியவை உஷ்ணமும் பொறுமையும். குளிர்ந்த உறையை இழுத்தால் அது உடையும். சூடேறிய பசை இளகி வழிவிடும். நகரத்துக் கடைகளில் இதற்கு நீராவி யந்திரமும் வெப்பத் துப்பாக்கியும் வைத்திருப்பர். வெப்பத் துப்பாக்கி அனுபவமில்லாதவர் கைக்கு ஏற்றதன்று. ஓரிடத்தில் சிறிது நேரம் நின்றாலும் வர்ணம் கொப்புளிக்கும். நம் ஊரில் இயற்கையே அவ்வேலையைச் செய்து தருகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் உச்சிவெயிலில் நிறுத்திய கரிய நிறக் காரின் தகரம் கைபொறுக்காத சூடு கொள்ளும். அது போதாத இடத்தில் கேத்தில் கொதிநீரைச் சற்று ஆறவைத்து, துணியை நனைத்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் விடலாம். காற்றுக்கண்ணாடிக்குக் கொதிநீர் ஆகாது, வெடிக்கும்.

ஓரத்தைக் கிளப்ப நகம் போதும். நகம் நுழையாவிடில் காலாவதியான வங்கி அட்டை உதவும். சவர அலகைத் தகரத்தின் பக்கமே கொண்டுவரலாகாது. கிளம்பிய ஓரத்தை மேல்நோக்கி நிமிர்த்தி இழுப்பதே பலரும் செய்வது. அப்போது இழுவிசை முழுவதும் வர்ணத்தைத் தூக்க முயல்கிறது. அதற்கு மாறாக, உறையை அதன்மீதே பின்புறம் மடித்து, மேற்பரப்பை ஒட்டியவாறு, நத்தை ஊர்வதுபோல் மெல்ல இழுக்கவேண்டும். பசைக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு: விரைந்து இழுத்தால் கல்லாகும், மெல்ல இழுத்தால் பாகாகும். மாணவர்கள் இதனை ஒட்டுநாடா ஒன்றைக்கொண்டு வீட்டிலேயே சோதித்து அறியலாம்.

உறை போனபின்னும் பசை தங்கிநிற்கும். அதனை அகற்ற வண்டியை நிழலுக்குக் கொண்டுவரவேண்டும். சூடான தகரத்தில் கரைப்பான் வேலை செய்யுமுன்னரே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் தோய்ந்த மெல்லிய துணியால் சிறிது நேரம் ஊறவைத்துத் துடைத்தால் பசை உருண்டு வரும். 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாத வேளையில், மோட்டார் சைக்கிள்களையே ஓடவைத்த மண்ணெண்ணெய்க்கு இது மிக எளிய பணி. ஆனால் தின்னர் வேண்டாம். பழைய முறை நைற்றோசெலுலோஸ் வர்ணம் கரைப்பான் ஆவியாவதாலேயே காய்வது. ஆகவே அதே தின்னர் மீண்டும் பட்டதும் கரைந்து துணியில் ஏறிவிடும். இறுதியில் சவர்க்கார நீரால் மண்ணெண்ணெய் வாடை போகும்வரை கழுவவேண்டும்.

உறையிருந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் செழித்த நிறத்தோடு, வரைபடத்தில் எல்லைக்கோடு இட்டாற்போல் தெரியும். அது வர்ணத்தின் குற்றமன்று. உறையில்லாத பகுதி வெயிலில் வெளிறியதன் விளைவு. சிவப்பு வண்டிகளில் இது மிகத் தெளிவாகத் தோன்றும். மெருகு பூசித் தேய்த்தால் ஓரளவு மங்கும், முற்றாக மறையாது.

பசை எஞ்சியுள்ளதா என்பதைக் கண்ணால் நிச்சயிப்பது கடினம். கழுவிக் காய்ந்த வண்டியை மறுநாள் கிரவல் பாதையில் ஒருமுறை ஓட்டிவந்து, ஈரமில்லாத துணியால் மெல்லத் தட்டிவிடுங்கள். நல்ல வர்ணத்திலிருந்து செம்புழுதி உதிர்ந்துவிடும். பசையுள்ள இடத்தில் மட்டும் அது அப்படியே ஒட்டிநிற்கும்.