விளையாட்டும் வெப்பமும்

செல்பேசியில் விளையாடத் தொடங்கிச் சிறிது நேரமானதும் படம் தடுமாறுகிறதே, ஏன்? நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்குள் உள்ளிருக்கும் சிலிக்கன் சில்லு வரைந்தாக வேண்டும். அது செலவிடும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுதும் வெப்பமாகிறது. கணினியிலுள்ளது போன்ற விசிறி செல்பேசிகளில் பெரும்பாலும் இல்லை. எனவே, சூடு வரம்பை எட்டியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

'வேகமூட்டும்' துணைச் செயலிகள் செய்வதென்ன? பின்னணியில் இயங்கும் பிற செயலிகளை நிறுத்துகின்றன, அறிவிப்புகளைத் தடுக்கின்றன. நினைவகம் குறைந்த கருவியில் இதனால் ஓரளவு பயன் உண்டு. ஆனால், சில்லின் சூட்டை வெளியேற்ற எந்தச் செயலியாலும் இயலாது. ஆகவே, பணம் கொடுத்து வாங்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள்: மின்னேற்றம் செய்துகொண்டே விளையாடாதீர்கள், உறையைக் கழற்றுங்கள், படத்தின் நுணுக்கத்தைக் குறையுங்கள். வெப்பவியல் விதிக்கு விளையாட்டும் கட்டுப்பட்டதே!