ஓம், வோல்ட், வாட்: இ-சிகரெட்டின் சூட்டுக் கணக்கு

இ-சிகரெட்டில் நெருப்பு இல்லை. சூடு மட்டும் உண்டு. சிறிய கம்பிச் சுருள், அதனுள் நுழைத்த பஞ்சுத் திரி, திரியை நனைக்கும் நிக்கோட்டின் கலந்த திரவம், ஒரு லித்தியம் பேட்டரி ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும், அதை உறிஞ்சுவார்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள சாதனங்களின் திரையில் ஓம், வோல்ட், வாட் என்று மூன்று எண்கள் தெரியும். நுரையீரலுக்குள் என்ன போகிறது என்பது பெருமளவு இந்த எண்களைப் பொறுத்தது.

திண்டுக்கல் சீமைக்குப் புகையிலை புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் பேர் வாங்கியது. அருகிலுள்ள வேடசந்தூரில் 1948-ல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சுருட்டின் காட்டத்தை இலையும் பதப்படுத்தும் பக்குவமும் முடிவு செய்தன. இ-சிகரெட்டில் அந்த முடிவு இளைஞர் ஒருவரின் விரல் நுனிக்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் பையில் இப்படியொரு சாதனத்தைப் பார்க்க நேரும் பெற்றோரும் ஆசிரியரும் அந்த எண்களின் பொருளை அறிந்திருப்பது நல்லது.

மின்தடை

கம்பி மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதே மின்தடை. அதன் அலகு ஓம். கம்பி நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் தடை கூடும். குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால் குறையும். இ-சிகரெட்டுச் சுருள்களின் தடை பொதுவாக 0.1 ஓம் முதல் 2 ஓம் வரை இருக்கும். இந்த எண்ணைப் பொத்தானால் மாற்ற முடியாது; சுருளைத்தான் மாற்ற வேண்டும்.

வோல்ட்டும் வாட்டும்

மின்னோட்டத்தை உந்தித் தள்ளும் அழுத்தத்தின் அலகு வோல்ட். வோல்ட்டை ஓமால் வகுத்தால் பாயும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். ஜெர்மானிய அறிவியலாளர் ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இது; பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலும் வருகிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். நொடிக்கு எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை அது சொல்கிறது.

முழுதாக சார்ஜ் ஏறிய ஒரு லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் தரும். அதை 1.5 ஓம் சுருளுடன் இணைத்தால் 2.8 ஆம்பியர் பாய்ந்து ஏறக்குறைய 12 வாட் வெப்பம் வரும். சுருள் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 35 வாட். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், 88 வாட். ஓம் குறையக் குறைய வெப்பம் கூடுகிறது.

வோல்ட் மாறினால் விளைவு இன்னும் வேகமாகத் தெரியும், ஏனென்றால் வாட் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. கிராமங்களில் லோ வோல்டேஜ் வரும் நேரத்தில் இஸ்திரிப் பெட்டி சூடேறத் தாமதிப்பதற்கும் இதுதான் காரணம். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் பெட்டியின் தடை சுமார் 53 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே பெட்டி 610 வாட்தான் தரும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெப்பம் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

எளிய இ-சிகரெட்டிலும் பேட்டரி இறங்க இறங்க வெப்பம் இப்படித்தான் குறையும். வாட்டை நிலைநிறுத்தும் சாதனங்களில் ஒரு சிப் சுருளின் தடையை அளந்து வோல்ட்டைத் தானே சரிசெய்கிறது. 20 வாட் என்று வைத்தால் 0.5 ஓம் சுருளுக்கு சுமார் 3.2 வோல்ட்டும், 1.5 ஓம் சுருளுக்கு சுமார் 5.5 வோல்ட்டும் அனுப்பும்.

வாட் வேறு, வெப்பநிலை வேறு

ஒரே 20 வாட், பெரிய சுருளில் மிதமான சூட்டையும் சிறிய சுருளில் கடும் சூட்டையும் உண்டாக்கும். திரி நனைந்திருக்கும்வரை ஆவியாகும் திரவம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். திரி காய்ந்தால் வெப்பநிலை சட்டென எகிறும், பஞ்சு கருகும். சில சாதனங்கள் இதைத் தடுக்க நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. சூடேறும்போது இவற்றின் மின்தடை கூடும் என்பதால், அந்த மாற்றத்தை வைத்து சிப் வெப்பநிலையைக் கணிக்கும்.

சூடு கூடினால் என்ன ஆகும்?

திரவத்தில் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது 188 டிகிரி செல்சியஸிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிக்கும். வெப்பம் எல்லை மீறும்போது இவை ஆவியாவதோடு நில்லாமல் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களைத் தருகின்றன. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் ஒரே சாதனத்தை இரு நிலைகளில் சோதித்தார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்த அளவு சூட்டில் வரும் கருகல் சுவையை யாரும் தாங்கமாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சூடு கூடினால் நச்சு கூடும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சுருளின் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் ஆவியில் கலப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

குறைந்த வாட்டில் வைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. நிக்கோட்டின் எந்த வாட்டிலும் நிக்கோட்டின்தான். அடிமைப்படுத்தும் அதன் குணம் திரையின் எண்ணைப் பார்த்து மாறாது.

பேட்டரிக்கும் எல்லை உண்டு. தாங்கக்கூடிய ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அது கொதித்து வெடிக்கக்கூடும். மிகக் குறைந்த ஓம் சுருளைத் தரமற்ற பேட்டரியுடன் இணைக்கும்போது இந்த அபாயம் அதிகம்.

சட்டம்

தமிழ்நாடு அரசு இ-சிகரெட்டை 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமுமாக நாடு முழுக்கத் தடை வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தடைப்பட்ட பொருளாகையால் கள்ளச் சந்தையில் கிடைக்கும் சாதனத்துக்குத் தர முத்திரை கிடையாது. திரையில் தெரியும் எண் சரிதானா என்று உறுதி சொல்லவும் யாருமில்லை. பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.