மலையைத் துண்டு போடும் முன்

கண்டியிலிருந்து தென்னக்கும்புர வழியாக திகன பக்கம் போனாலும், கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பினாலும், பேராதனையைத் தாண்டினாலும் 'காணித் துண்டுகள் விற்பனைக்கு' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. பலகைக்குப் பின்னால் பெக்கோ வெட்டிய செம்மண் பாதை. அதன் இரு புறமும் பத்து பேர்ச், பன்னிரண்டு பேர்ச் என்று எல்லைக்கல் நட்ட துண்டுகள் சரிவில் இறங்கிப் போகும். கடை கட்டலாம், வங்கிக் கடனுக்கும் வழி உண்டு என்பார் விற்பவர். அந்தப் பலகை நடப்படுவதற்கு முன் மலையை யார் பார்த்தார்கள் என்று வாங்க வருபவர் கேட்பது அரிது.

பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டப்படி, நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் காணியைப் பிரிப்பதே அனுமதி பெறவேண்டிய வேலை. செங்கல் ஒன்றுகூட வைக்காவிட்டாலும் அப்படித்தான். நகருக்குள் என்றால் விண்ணப்பம் கண்டி மாநகர சபைக்கு. குண்டசாலை, ஹாரிஸ்பத்துவ போன்ற இடங்களில் பிரதேச சபைக்கு. உறுதியும் நில அளவையாளர் வரைந்த படமும் திட்டமிடல் குழுவின் மேசைக்கு வரும்.

மேசையில் முதலில் அளவுகோல் பேசும். 1986ஆம் ஆண்டு விதிகள் துண்டு ஒன்றுக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச், வேண்டும் என்றன. துண்டுகள் கூடக்கூடப் பாதையின் அகலமும் கூட வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் பாதைகள் போக, பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பங்காக யாரும் வாங்காத பள்ளத்து ஓரத்தைக் காட்டினாலும் கணக்கு சரியாக வந்துவிடும். பிள்ளைகள் அங்கே விளையாட முடியுமா என்பதைக் கணக்கு சொல்லாது. கடைகளுக்கான பிரிப்பு என்றால் இன்னும் பல கேள்விகள் உண்டு: சாமான் இறக்கும் லொறி எங்கே திரும்பும், வாகனங்கள் எங்கே நிற்கும், கழிவுநீர் எந்தக் காணில் விழும்?

கண்டியில் இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. நில அளவைப் படம் தட்டையானது, மலை அப்படியல்ல. செங்குத்தான பத்து பேர்ச்சில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் பின்பக்கத்து மண்ணை வெட்டி முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்த வேண்டும். மேல் துண்டுக்காரர் கொட்டிய மண் கீழ்த் துண்டுக்காரரின் வெட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கும். முன்பு சரிவு முழுவதும் பரவி ஊறிய மழைநீர் இப்போது பாதை வழியே திரண்டு ஒரே மூலையில் பாயும். ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் ஒழுங்காகவே கட்டியிருக்கலாம். அப்போதும் மலை மொத்தமாகப் பலவீனப்படும்.

அந்த எல்லைக்கல் யாரையும் காப்பாற்றாது என்பதைக் கண்டியிலுள்ள பூவெலிகட காட்டியது. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அங்கிருந்த ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. தாய், தந்தை, கைக்குழந்தை மூவரும் இறந்தார்கள். விழுந்த கட்டடம் அவர்களுடையது அல்ல.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை மலைநாட்டை உலுக்கியது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம். அத்தகைய மழையில் இயற்கைச் சரிவும் இடியும், ஆகவே எல்லாப் பழியையும் காணி வியாபாரத்தின் தலையில் போட முடியாது. ஆனால் மண்மேடு சரியக்கூடிய இடம் என்று தெரிந்தும் வெட்டுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு 2011 முதல் கேட்கப்படுகிறது. கண்டியும் அந்த மாவட்டங்களில் ஒன்று. வீட்டுப் படத்தோடு தனித்தனியாக அந்தச் சிபாரிசைக் கேட்கும் நேரத்தில் பாதை வெட்டி முடிந்திருக்கும், துண்டுகள் கை மாறியிருக்கும். கடன் வாங்கித் துண்டை வாங்கியவரிடம் இங்கே கட்டாதே என்று சொன்னால் அவர் எங்கே போவார்? முழுக் காணியையும் ஒரே மலையாகப் பார்த்து, பெக்கோ ஏறுவதற்கு முன்பே முடிவு சொல்ல வேண்டும்.

சில இடங்களுக்குத் தனிக் காவலும் உண்டு. ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பெரிய தேயிலைத் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது.

அயலவருக்கு இதில் எவ்வளவு இடம்? பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. சாதாரணக் காணிப் பிரிப்பில் அப்படி ஓர் அழைப்பு வருவது வழக்கமில்லை. கீழே குடியிருப்பவருக்கு மேலே நடப்பது பெக்கோவின் சத்தத்தில்தான் தெரியவரும். ஆனாலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பிரிப்புப் படம், அதோடு விதித்த நிபந்தனைகள், மண்சரிவு பற்றிய சிபாரிசு ஆகியவற்றின் பிரதிகளைச் சபையின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம். வாங்க நினைப்பவர் முற்பணம் கட்டுமுன் இன்னொன்றும் செய்யலாம்: நல்ல மழை நாளில் அந்தக் காணிக்குப் போய், தண்ணீர் எந்தத் துண்டின் வழியாக இறங்குகிறது என்று படத்தில் குறித்துக்கொள்ளலாம்.